ஊர்ப் பாதுகாப்பில் நமது பங்கு

(யூபிலி விழாவின் இரண்டாம் நாள் மாலை, ஆலய வளாகத்தில் நடைபெற்ற கருத்தரங்கில், பங்கின் சமூகநலக் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)



கோயில் எழுந்த கதையையும் மணி வந்த கதையையும் எங்களுக்கு முன் பேசியவர்கள் அழகுற எடுத்துரைத்தார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்போ சற்றுப் புழுதி படிந்தது. தெருவிளக்கு, சாக்கடை, கண்டெய்னர் லாரி, ஆலைக் குழாய், அபாயச் சங்கு இவை பற்றியது. ஆனால் இவற்றையெல்லாம் தாண்டித்தானே நாம் ஞாயிறுதோறும் பூசைக்கு வந்து சேர்கிறோம்! ஆகவே பொறுமையோடு கேட்கும்படி வேண்டுகிறோம்.

மூன்று கிறிஸ்துமஸ் காலங்களை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. கடல் ஊருக்குள் வந்தது. சுனாமி என்ற சொல்லையே அன்றுதான் நம்மில் பலர் முதன்முதலாகக் கேட்டோம்.

2021 டிசம்பர் 27. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 24 வீடுகள் மண்மேடாயின. ஆனால் ஓர் உயிரும் போகவில்லை. காரணம் என்ன? சுவரில் விரிசல் விட்டதைக் குடியிருந்தவர்களே கண்டார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, கட்டடம் விழுமுன் வெளியேறிவிட்டார்கள்.

2023 டிசம்பர் 26 இரவு. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்திருந்தது. அந்தக் கறை போகுமுன்னே, கடலடியில் செல்லும் அம்மோனியாக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

இம்மூன்றிலிருந்தும் நாம் கற்கும் பாடம் ஒன்றே. ஆபத்தை முதலில் காண்பவர் அங்கே குடியிருப்பவர். முதலில் ஓடி உதவுபவரும் அவரே. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, வாளியால் அதை அள்ளியவர்களில் மீனவரும் இளைஞரும் இருந்தார்கள் அல்லவா? ஆனால் நாம் கண்டதை யாரிடம் சொல்வது, சொன்னது எங்கே பதிவாகிறது, எந்தக் கூட்டத்தில் நமக்கு இடம் உண்டு, இவைதான் நமக்குத் தெரிவதில்லை. அதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

சென்னை மாநகராட்சி 1688-ம் ஆண்டிலேயே தோன்றியது. இந்தியாவிலேயே பழமையானது என்று நாம் பெருமை பேசுகிறோம். ஆனால் 1973 முதல் 1996 வரை, 23 ஆண்டுக் காலம், இந்நகருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. நம்மில் ஒரு தலைமுறை கவுன்சிலர் என்பவரைக் காணாமலே வளர்ந்து, மணமுடித்துப் பிள்ளைகளையும் பெற்றுவிட்டது. பின்னர் 2016 முதல் 2022 வரை மீண்டும் மன்றம் இல்லை. இதற்கிடையில் 2011-ல் திருவொற்றியூர் நகராட்சியும், எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கம் நகராட்சியும் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. நகரம் 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 200 வார்டுகள் ஆயின. ஒரு வார்டுக்குச் சராசரியாக 30,000 பேருக்கு மேல். இத்தனை பேர் குறையையும் ஒரு கவுன்சிலர் எப்படிக் கேட்பார்?

இக்கேள்விக்கு விடையாகத்தான் அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டுக் குழுக்கள் வேண்டும் என்று அது கூறியது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2022-ல்தான் வெளியாயின. அவ்வாண்டு நவம்பர் 1-ம் நாள், உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராமத்துக்குக் கிராம சபை எப்படியோ, நகரத்துக்குப் பகுதி சபை அப்படி. சென்னையில் ஒரு வார்டு பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அந்தச் சபையின் உறுப்பினர். சிபாரிசு வேண்டாம், கட்சி அட்டை வேண்டாம். பகுதிக்கு ஒருவராக நியமிக்கப்படுவோரும், தலைவராகக் கவுன்சிலரும் சேர்ந்து வார்டுக் குழு. தெருவிளக்கு, குடிநீர், கழிப்பிடம், மழைநீர் வடிகால், குப்பை என்று எந்தக் குறை முதலில் தீர வேண்டும் என்பதைப் பகுதி சபை எடுத்துச் சொல்ல, வார்டுக் குழு அதை மேலே கொண்டு செல்ல வேண்டும்.

நம் பங்கு அன்பியங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதை அறிந்த உங்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. முப்பது நாற்பது குடும்பங்கள் கூடினால்தான் யார் வீட்டில் நோயாளி, யார் வீட்டில் பசி என்பது தெரிகிறது. தெருவின் குறையும் அப்படியே.

எங்கள் கதையையும் மறைப்பானேன்? நம் ஆலயத்துக்கு வடக்கே லாரிகள் திரும்பும் முனையில் விளக்குகள் எரியாமல் எட்டு மாதம் இருள் சூழ்ந்திருந்தது. மாலையில் மறைக்கல்வி முடிந்து பிள்ளைகள் அந்த வழியே வீடு திரும்புகிறார்கள். நாங்கள் என்ன செய்தோம்? மூன்று பக்கத்தில் ஒரு மனு எழுதினோம். “இருளில் மூழ்கி மக்கள் சொல்லொணா இன்னலுக்கு ஆளாகின்றனர்” என்றெல்லாம் அழகு தமிழில் எழுதி, ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். “இது எங்கள் ரோடு அல்ல” என்றார்கள். அடுத்த அலுவலகத்திலும் அதே பதில். துறைமுகத்துக்குச் செல்லும் சாலைகளில் ஒன்று மாநகராட்சியுடையது, ஒன்று நெடுஞ்சாலைத் துறையுடையது. எது யாருடையது என்பதை விசாரிக்காமலே நாங்கள் மனு எழுதியிருந்தோம்.

பிறகு பகுதி சபைக் கூட்டம் வந்தது. நம் பங்கிலிருந்து அன்று போனவர்கள் நான்கு பேர். வெட்கத்தோடுதான் சொல்லுகிறோம். அந்த நால்வரில் மீன் விற்கும் அம்மா ஒருவரும் இருந்தார். அவர் எழுந்து, “கவுன்சிலரம்மா, விடியக்காலம் மூணு மணிக்குக் காசிமேட்டு ஏலத்துக்குப் போறவ நான். பதினாலாம் நம்பர் கம்பத்துல இருந்து பதினேழு வரைக்கும் லைட்டு எரியல. கம்பத்துல கார்ப்பரேசன்னுதான் எழுதியிருக்கு” என்றார். அவ்வளவே! கம்பத்தின் எண் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. மூன்று வாரத்தில் மூன்று விளக்குகள் எரிந்தன. நான்காவது இன்றும் எரியவில்லை. அடுத்த கூட்டத்திலும் அதைக் கேட்போம். எங்கள் மூன்று பக்கத்தில் இல்லாத ஒன்று அந்த அம்மாவின் வாயில் இருந்தது. இடம், எண், நாள் இம்மூன்றையும் சொன்னால் மறுப்பது கடினம்.

இச்சபைகளுக்குக் குறை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. வார்டுக் குழு உறுப்பினர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார். பகுதி சபையின் கையில் செலவழிக்கப் பணம் இல்லை. கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரி நகரில் 1989 முதல் மக்களே கூடி வரவு செலவில் முன்னுரிமை வகுத்தார்கள். நம் சபையோ ஆலோசனை சொல்லும் சபை மட்டுமே. ஆனால் அதனால் வீண் என்று சொல்லலாமா? 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி நமது பங்குப் பேரவைக்கும் ஆலோசனை உரிமை மட்டும்தான் உண்டு. ஆயினும் நூறு பேர் கூடிச் சொன்ன ஆலோசனையைத் தள்ளிவிடுவது யாருக்கும் எளிதன்று. நான்கு பேர் சொன்னதைத் தள்ளுவது மிக எளிது!

இனி, இதைவிட முக்கியமான ஒன்று. நம்மைச் சுற்றி அமிலமும் வாயுவும் எண்ணெயும் குழாயிலும் டாங்கர் லாரியிலும் ஓடுகின்றன. 1984-ல் போபாலில் நடந்தது நமக்குத் தெரியும். அதன் பின்னர் மத்திய அரசு இரண்டு விதித் தொகுப்புகளைக் கொண்டு வந்தது. 1989-ம் ஆண்டு விதிகளின்படி, பெருவிபத்து நேரக்கூடிய ஆலைகள், விபத்தின் தன்மை என்ன, அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுற்றுப்புற மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 1996-ம் ஆண்டு விதிகளின்படி, தொழிற்சாலைப் பகுதிதோறும் உள்ளூர் நெருக்கடிக் குழு ஒன்று இருக்க வேண்டும். தொழிற்சாலை ஆய்வாளர், போலீஸ், தீயணைப்பு அதிகாரிகளோடு, அவ்விடத்துச் சமூகத் தலைவர் ஒருவர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவர், மருத்துவர் இருவர், சமூக சேவகர் இருவர் ஆகியோருக்கும் அதில் இடம் உண்டு. மாதம் ஒரு முறை கூட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழு அளவில் ஒத்திகை நடத்த வேண்டும். கேட்கும் பொதுமக்களுக்குத் தகவல் தர வேண்டும்.

உங்களைக் கேட்கிறோம்: அந்தக் குழுவில் நம் பகுதியின் சார்பில் அமர்ந்திருப்பவர் யார்? சங்கு ஊதினால் எத்திசையில் ஓடுவது என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? நாங்கள் நூறு வீடுகளில் விசாரித்தோம். ஒருவரும் விடை சொல்லவில்லை. எங்கள் குழுவினருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆதலின் இந்த யூபிலி ஆண்டில் நான்கு காரியங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, பகுதி சபை கூடும் நாளைப் பூசை அறிவிப்பில் வாசிக்கப் பங்குக் குருவானவர் இசைந்துள்ளார். அன்பியத்துக்குப் பத்துப் பேராவது போவோம். கோயில்காரர் என்று தனியே நில்லாமல், மசூதித் தெருவாரோடும் அம்மன் கோயில் தெருவாரோடும் சேர்ந்து போவோம். சாக்கடைக்கு மதம் கிடையாது.

இரண்டாவது, ஒவ்வோர் அன்பியமும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். எரியாத கம்பத்தின் எண், மூடியில்லாத பள்ளம், சுவரில் கண்ட விரிசல், புகார் எண், தேதி எல்லாம் அதில் ஏறட்டும். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் பேசினால் தரும் புகார் எண்ணையும் மறவாமல் எழுதுங்கள்.

மூன்றாவது, உள்ளூர் நெருக்கடிக் குழுவின் உறுப்பினர் யார், அடுத்த ஒத்திகை எப்போது என்று எழுத்தில் கேட்போம். பதில் வராவிட்டால் 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

நான்காவது, அம்மோனியா நெடி வீசினால் செய்ய வேண்டியதை வீட்டுக்கு வீடு சொல்வோம்: ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். வாயு வரும் திசையை நோக்கியோ, காற்றோடு சேர்ந்தோ ஓடாமல், காற்றுக்குக் குறுக்காக விலகிச் செல்லுங்கள். கண்ணைத் தண்ணீரால் நெடுநேரம் கழுவுங்கள். நடக்க முடியாத முதியவர் யார் வீட்டில் இருக்கிறார், அவரைத் தூக்க வேண்டியவர் யார் என்பதை இன்றே பேசி வையுங்கள்.

அன்பர்களே! இராயப்பரின் பெயரால் இராயபுரம் என வழங்கும் ஊரிலிருந்து எண்ணூர்க் கழிமுகம் வரை நீண்ட இக்கடற்கரையில், படகோட்டிகளும் வலைஞர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் தம் உழைப்பால் கோயில்களை எழுப்பினார்கள். அவர்கள் பிள்ளைகளாகிய நாம், அக்கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நிம்மதியாக உறங்க வேண்டாமா? அரிவாக்குளத்தில் விரிசலைக் கண்டு வாய்விட்டுச் சொன்னதால் உயிர்கள் பிழைத்தன. நாமும் காண்போம், கண்டதைச் சொல்வோம், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வோம்.

அடுத்த பகுதி சபைக்கு அந்த மீன்கார அம்மா எப்படியும் வருவார். நான்காவது விளக்கைப் பற்றிக் கேட்க அவரோடு நாங்களும் நிற்போம். நீங்களும் வாருங்கள்.