301-ஆவது எண்

(மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



1729 பற்றிப் பேசப்போகிறேன் என்றதுமே, "மறுபடியும் அந்த டாக்ஸிக் கதையா?" என்று பின்வரிசையில் யாரோ முனகியது காதில் விழுந்தது. இல்லை. ஹார்டி வந்த டாக்ஸியின் எண்ணைக் கேட்டதும் ராமானுஜன் 1³ + 12³ = 9³ + 10³ என்று சொன்னது உங்களுக்கே தெரியும். அந்த எண் இதே கல்லூரியில் என்னை மாட்டிவிட்ட கதை வேறு.

இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் லேபில், 7 முதல் 2000 வரை உள்ள பகா எண்களைப் பட்டியலிட ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். எல்லோரும் வகுத்து வகுத்துப் பார்த்தார்கள். நான் கொஞ்சம் மேதாவித்தனமாக, ஃபெர்மா 1640-ல் சொன்ன தேற்றத்தைப் பிடித்துக்கொண்டேன். n ஒரு பகா எண் என்றால், அதனால் வகுபடாத எந்த எண்ணையும் n−1 அடுக்குக்கு உயர்த்தி n-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அதை அப்படியே திருப்பிப் போட்டேன்: மீதி 1 வந்தால் பகா எண்! 2, 3, 5 மூன்றையும் வைத்துச் சோதித்தேன். மற்றவர்களுக்கு 300 எண்கள், எனக்கு 301.

"அவங்க எல்லாரும் ஒண்ணை விட்டுட்டாங்க சார்" என்றேன்.

சார் பட்டியலில் விரலை ஓட்டி 1729-ல் நிறுத்தினார். "ஏழால வகுத்துப் பாருப்பா."

7 × 13 × 19. லேப் முழுக்கச் சிரிப்பு. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் விழவில்லை.

எப்படி ஏமாந்தேன்? 7, 13, 19 இவற்றில் ஒவ்வொன்று குறைத்தால் 6, 12, 18. மூன்றுமே 1728-ஐ மீதியின்றி வகுக்கும். அதனால் 7-ஆல் வகுத்தாலும் மீதி 1, 13-ஆல் வகுத்தாலும் 1, 19-ஆல் வகுத்தாலும் 1, மொத்தத்துக்கும் 1. இந்த மூன்றால் வகுபடாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் 1729 வேஷம் கலைக்காது. இவற்றுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். முதல் எண் 561. அதை 3 காட்டிக்கொடுத்தது. அடுத்தது 1105, அதை 5 காட்டிக்கொடுத்தது. மூன்றாவது தப்பிவிட்டது. இப்படிப்பட்டவை முடிவில்லாமல் உண்டு என்று 1994-ல் ஆல்ஃபோர்ட், கிரான்வில், பொமரன்ஸ் மூவரும் நிறுவினார்கள்.

பிடிக்க வழி இருக்கிறது. 1728 என்பது 27 × 64. முதலில் 2-ஐ 27-ஆம் அடுக்குக்கு மட்டும் உயர்த்தி 1729-ஆல் வகுங்கள்; மீதி 645. அதன் வர்க்கத்துக்கு மீதி 1065. அதன் வர்க்கத்துக்கு மீதி 1. இங்கேதான் குட்டு உடைகிறது! பகா எண்ணாக இருந்தால், வர்க்கம் 1 ஆவதற்கு முந்தின மீதி 1 அல்லது 1728 ஆகத்தான் இருக்க முடியும். 1065 இரண்டுமில்லை. அதோடு விடவில்லை: 1064-க்குள் 7-ம் 19-ம் ஒளிந்திருக்கின்றன, 1066-க்குள் 13. இதுதான் மில்லர்-ராபின் சோதனை. ஆர்எஸ்ஏ சங்கேத முறையின் சாவிகளுக்கு முந்நூறு இலக்கப் பகா எண்களைத் தேடும்போது இன்றும் கைகொடுப்பது.

மறுவாரம் இதையெல்லாம் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். சார் 301-ஐ அடித்து 300 என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். அந்த நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். சார் முன்வரிசையில்தான் இருக்கிறார். சாப்பாட்டுக்கு அப்புறம் காட்டுகிறேன்.