சாக்லெட் பூசிய பெண்

இன்று ஒரு மேடையைப் பற்றிப் பேசப்போகிறேன். நீங்கள் அதைப் பார்க்க முடியாது. நான் சொல்வதைக் கேட்டு மனத்துக்குள் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இப்படிக் கேள்விப்பட்டதை வைத்தே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்ட ஒரு கலைஞரின் கதை இது.

அவர் பெயர் கரென் ஃபின்லி. 1956-ல் பிறந்த அமெரிக்கர், சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் வளர்ந்தவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் கலை படித்துக்கொண்டிருந்தபோது தந்தை தற்கொலை செய்துகொண்டார். அந்தத் துக்கத்திலிருந்துதான் அவருடைய நிகழ்த்துக்கலை பிறந்தது. 1980-களில் நியூயார்க்கின் இரவு விடுதிகளிலும் சிறு அரங்குகளிலும் தனியாளாக நின்று பேசினார். சாதாரணப் பேச்சில்லை, அருள் வந்தவர் போல. குரல் ஏறும், உடையும், ஆள் மாறும். அடிபட்ட பெண்ணாகப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று அடித்தவனின் குரலில் பேசுவார். கேட்பவர்கள் நெளிவார்கள். வீட்டுக்குள் நடந்தது வெளியே தெரியக் கூடாது என்று நாம் மூடி வைப்பதையெல்லாம் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து கொட்டினார்.

1987-ல் நியூயார்க் மாநிலத்தில் 15 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி, குப்பை போடும் பைக்குள், உடம்பில் மலம் பூசப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டாள். தன்னைச் சிலர் கடத்திச் சீரழித்ததாக அவள் தரப்பில் புகார். அதை விசாரித்த ஜூரி, புகார் உண்மையல்ல என்று மறு ஆண்டு சொல்லிவிட்டது. பலருக்கு விஷயம் அதோடு முடிந்தது. ஃபின்லிக்கு முடியவில்லை. அவளே பூசிக்கொண்டாள் என்றே வைத்துக்கொள்வோம், அதைவிடக் கொடிய எதிலிருந்து தப்ப அப்படிச் செய்திருப்பாள் என்பது அவர் கேள்வி.

‘எங்கள் பலியாட்களைத் தயாராக வைத்திருக்கிறோம்’ என்று பொருள்படும் தலைப்பில் 1989-ல் அவர் மேடையேற்றிய நிகழ்ச்சியில் அந்தக் கேள்விக்கு உருவம் கிடைத்தது. ஏறக்குறைய ஆடையில்லாமல் நின்று, உடம்பெங்கும் சாக்லெட்டைப் பூசிக்கொண்டார். பெண்ணை மலமாக நடத்துகிறார்கள் என்று அதற்குப் பொருள். அதன்மேல் இதய வடிவச் சிவப்பு மிட்டாய்கள்: பிறகு வந்து, உன்னை நேசிக்கிறேன் என்கிறார்கள். அதன்மேல் முளைகட்டிய பயிர்: ஆணின் இச்சை விட்டுப்போன எச்சம். கடைசியில் பளபளக்கும் ஜரிகைத் தாள். இத்தனை நடந்த பிறகும் அவள் அலங்கரித்துக்கொண்டு விருந்துக்குக் கிளம்ப வேண்டும், இல்லையா? இந்த வரிசையைத் தெரிந்துகொண்டால் மிஞ்சுவது கிளுகிளுப்பு அல்ல, துக்கம்.

ஆனால் 1990 மே மாதம் வாஷிங்டன் அரசியல் பத்தி ஒன்றில் இவ்வளவும் சுருங்கி ‘சாக்லெட் பூசிய இளம்பெண்’ ஆனது. மிட்டாய் போயிற்று, ஜரிகை போயிற்று, சிறுமியும் காணாமல் போனாள். அரங்குப் பக்கமே போகாதவர்கள் வரிப்பணம் வீணாகிறது என்று கொதித்தார்கள். செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் ஏற்கெனவே அரசின் தேசியக் கலை நிதியத்தின்மேல் பாய்ந்துகொண்டிருந்த காலம் அது. நிபுணர் குழு பரிந்துரைத்திருந்தும், ஃபின்லி, ஹாலி ஹியூஸ், டிம் மில்லர், ஜான் ஃப்ளெக் ஆகிய நால்வருக்கான நல்கையை நிதியத்தின் தலைவர் ரத்து செய்தார். நால்வரும் வழக்குப் போட, 1993-ல் சமரசமாகிப் பணம் கிடைத்தது.

ஆனால் இடையில் ஒரு விதி முளைத்திருந்தது: நல்கை தரும்போது பொதுவான கண்ணியத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். யாருடைய கண்ணியம், யார் அளப்பது? இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1998 ஜூனில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஃபின்லி தரப்பு தோற்றது. கருத்தில் கொள் என்றுதானே விதி சொல்கிறது, தடை செய் என்று சொல்லவில்லையே என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம். டேவிட் சூட்டர் மட்டும் மறுத்தார். அதற்கு முன்பே, தனிக் கலைஞர்களுக்கு நிதியம் தந்துவந்த நல்கைகளில் பெரும்பாலானவை நின்றுபோயிருந்தன.

தோற்றவர் என்ன செய்தார்? அதே ஆண்டில் ‘சாக்லெட் பூசிய பெண்ணின் மறுவருகை’ என்று, அவர்கள் வைத்த பட்டப்பெயரையே தலைப்பாக்கி மேடையேறினார்.

எய்ட்ஸ் நோய் நண்பர்களைக் கொண்டுபோன காலத்தில் ஃபின்லி இன்னொன்றும் செய்தார். ஒரு வாயிற்கதவை நிறுத்திவைத்தார். வருகிறவர்கள், தாங்கள் இழந்த ஒருவரை நினைத்து அதில் ஒரு ரிப்பன் கட்டலாம். அவ்வளவுதான். அதைப் பற்றி எந்த செனட்டரும் கூச்சல் போடவில்லை. சாக்லெட் பூசியதும் அந்த வாயிற்கதவை நிறுத்தியதும் ஒரே பெண்தான், நேயர்களே. இரண்டும் ஒரே துக்கம்தான்.