செவிலியப் பணியை நாடும் செல்வங்களுக்கு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

முப்பது ஆண்டுகள் வெள்ளுடை தரித்து நோயாளரிடையே வாழ்ந்தவள் என்னும் ஒரே தகுதியால் இம்மேடையில் நிற்கின்றேன். ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் நம் பாம்பூஃப்ளாட் இல்லங்களில் ஒரு வினா எழுகின்றது: "பெண்ணை நர்சு படிப்புக்கு அனுப்பலாமா?" தாய் இசைவார்; தந்தையோ இரவுப் பணியை எண்ணித் தயங்குவார். தயங்குவது தவறன்று, ஆராயாமல் முடிவு செய்வதே தவறு.

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொல்லும்போது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவரையும் ஒரு கூறாக வைத்தார். அதற்குச் சான்று நம் தீவுகளிலேயே உண்டு. துணைச் செவிலியரான சாந்தி தெரேசா லக்ரா, சிற்றந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கி மக்களிடையே தொண்டாற்றினார். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்து அவர்களின் குடியிருப்பு அழிந்தபோதும் அவர்களை விட்டு நீங்கவில்லை. 2011-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. படிப்பின் படிநிலை சிறிதாயினும் பணியின் பெருமை சிறிதாவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனிப் படிப்பின் வழிகளைக் கூறுகின்றேன். துணைச் செவிலியர் படிப்பு 2 ஆண்டு; பொதுச் செவிலியர் பட்டயம் 3 ஆண்டு; பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. பட்டப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருத்தல் வேண்டும். மையநிலமாம் தமிழகத்திற்கு மகளை அனுப்புவோர், கட்டடத்தின் அழகைக் கண்டு மயங்காமல் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். இக்கல்லூரிக்கு முறையான ஏற்பு உண்டா? பயிற்சிக்குப் போதிய நோயாளர் நிறைந்த மருத்துவமனை உண்டா? ஏற்பில்லாத பள்ளியின் சான்றிதழ் வெறுந்தாளே ஆகும். ஏனெனில் படிப்பு முடிந்தபின் மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்றாலன்றிப் பணியாற்ற இயலாது. சென்னை மாகாணத்தில் இதற்கான சட்டம் 1926-லேயே தோன்றியது. இந்திய அளவில் 1947-இல் எழுந்த சட்டத்திற்கு மாற்றாக 2023-இல் புதிய ஆணையச் சட்டம் இயற்றப்பெற்றது.

அயல்நாடு செல்ல விழைவோருக்குத் தனித் தேர்வுகள் உண்டு. அமெரிக்காவுக்குரிய என்கிளெக்ஸ் தேர்வு கணினி வழியே நடப்பது. 5 மணி நேரத்தில் 85 முதல் 150 வினாக்கள் வரை வரும். நாம் தரும் விடைக்கேற்ப அடுத்த வினா அமையும். மனப்பாடம் அங்கே கைகொடாது. நோயாளியின் நிலையை எடைபோடும் அறிவே கைகொடுக்கும். வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் இடைத்தரகர் பின் செல்லாமல், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு அமைப்புகளையே நாடுங்கள்.

இறுதியாக, என் குறை ஒன்றையும் மறையாது உரைக்கின்றேன். பணியேற்ற முதல் மாதம், ஓர் இரவு, மருத்துவர் எழுதிய மருந்தளவு எனக்கு விளங்கவில்லை. கேட்டால் இகழ்வார்களோ என்று நாணி, நானே ஊகித்து ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டேன். மூத்த செவிலி ஒருவர் என் கையைப் பற்றித் தடுத்தார். தடுத்திராவிடில் ஓர் உயிர் என்னவாகியிருக்குமோ! "தெரியவில்லை என்று சொல்லத் தெரிந்துகொள், அம்மா" என்றார் அவர். மூன்றாண்டுப் படிப்பு கற்றுத் தராததை அந்த ஒரு சொல் கற்றுத் தந்தது. புதிதாய்ப் பணியேற்கும் செல்வங்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவீர்களாக.

பெற்றோர்களே! சாத்தம் துறைக்குப் படகேறும் மகளிடம் பெட்டியை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள், நம்பிக்கையையும் கொடுத்தனுப்புங்கள். நாளை நம்முள் ஒருவர் நோயுற்று நள்ளிரவில் கண்விழிக்கும்போது, "என்ன செய்கிறது, ஐயா?" என்று தமிழில் கேட்கும் குரல் அவளுடையதாகவே இருக்கலாம்.