மழைக்கு முன் வீட்டு மராமத்து



தை அறுவடை முடிந்து, நெல் குதிர் சேர்ந்து, வைக்கோல் போர் ஏறிய பின்புதான் குடியானவருக்குச் சற்று ஓய்வு கிடைக்கிறது. மாசி முதல் வைகாசி வரையில் வெயில் உண்டு, ஆள் உண்டு, கையில் சிறிது பணமும் உண்டு. வீட்டு மராமத்துக்கு வருஷத்தில் இதைவிடத் தகுந்த காலம் வேறில்லை. ஆயினும் பெரும்பாலார் இந்த நான்கு மாதங்களையும் கலியாணத்திலும் திருவிழாவிலும் கழித்துவிட்டு, ஐப்பசியில் முதல் துளி தலையில் விழும்போதுதான் கூரையை நிமிர்ந்து பார்க்கிறார்கள். தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. அந்நாளில் கூரை வேய்பவர் அகப்படார். அகப்பட்டாலும் நனைந்த கூரைமேல் ஏறத் துணியார்.

வீடு ஒழுகினால் சங்கத்துக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். 1904-ம் வருஷத்தில் செங்கற்பட்டு ஜில்லா திரூரில் முதல் சங்கம் ஏற்பட்ட நாள்தொட்டு, பயிருக்கு வாங்கிய கடனைப் பயிருக்கே செலவிட வேண்டும் என்று அங்கத்தினருக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் ஐப்பசியில் ஒருவர் வீட்டுச் சுவர் சரிந்தது என்று வைத்துக்கொள்வோம். மனைவி மக்களை மழையில் நிறுத்திவிட்டு வயலுக்கு உரம் வாங்க எவருக்கு மனம் வரும்? உரத்துக்கு வைத்த பணம் சுவருக்குப் போகிறது. பயிர் வெளுக்கிறது, மகசூல் குறைகிறது, தவணை தப்புகிறது. முடிவில் ஜாமீன் கையெழுத்திட்ட அண்டை வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போகிறது. தவணை தப்பிய கடன்கள் எல்லாம் ஊதாரித்தனத்தால் வந்தவை அல்ல. பங்குனியில் நாலு கூடை மண்ணால் தீரக்கூடிய வேலையைத் தள்ளிப் போட்டதனால் வந்தவையும் அவற்றில் உண்டு.

மண் சுவர் எவ்வாறு விழுகிறது என்பதைச் சற்று விவரமாய் அறிதல் நலம். மேலிருந்து நனைந்துதான் சுவர் விழுகிறது என்பது பலருடைய எண்ணம். உண்மையில் கேடு அடியிலேயே துவங்குகிறது. இறவாரத்திலிருந்து சொட்டும் நீர் தரையில் மோதித் தெறித்து, சுவரின் அடியில் ஒரு முழ உயரத்தை ஒவ்வொரு மழையிலும் சிறிது சிறிதாய்த் தின்கிறது. மேலே முழுக் கனமாக நிற்கும் சுவர், கீழே மெலிந்த காலின்மேல் நிற்கிறது. அந்தக் கால் நீரை உறிஞ்சி இளகும்போது சுவர் சரிகிறது. மழை நின்ற மறுநாள் சரிவதும் உண்டு. உறக்கத்தில் நேர்ந்தால் உயிர்ச்சேதந்தான். கல் சுவராயினும் நீருக்குப் போக்கில்லாவிடில் ஆபத்தே. 2019-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி, மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் பெருமழையின்போது உயரமான சுற்றுச்சுவர் ஒன்று வீடுகளின்மேல் இடிந்து 17 பேர் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது.

ஆகையால் முதல் வேலை சுவரின் அடியைச் சுற்றிப் பார்ப்பது. அரித்த இடத்தில் உதிரி மண்ணைச் சுரண்டி எடுத்து, பழைய சுவரை நன்றாய் நனைத்து, புது மண்ணைக் கனமாய் ஒரேயடியாக அப்பாமல் அடுக்கடுக்காய் இட்டு, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக நிரப்ப வேண்டும். களிமண் மாத்திரம் இட்டால் வெடிக்கும். மணலும், நறுக்கிய வைக்கோலும் சேர்த்து, நீர் விட்டுச் சில நாள் ஊறவைத்து மிதித்த மண்ணே பிடிக்கும். பிறகு சுவரோரம் ஒரு சிறு மண்திட்டு அணைத்து, அது வெளிப்பக்கம் சரிவாய் இருக்கச் செய்து, சொட்டு நீர் ஓடிவிட ஒரு வாய்க்கால் வெட்டிவிடுதல் வேண்டும். இறவாரம் சுவரை விட்டு இரண்டு அடியாவது வெளியே நீண்டிருப்பது நல்லது. விறகையும் வறட்டியையும் சுவரில் சாத்தி அடுக்குகிற வழக்கம் கரையானுக்கு விருந்து வைப்பதாகும்.

மண் சுவருக்குச் சிமெண்டு பூசினால் பலம் என்று நம்புவோர் இப்பொழுது மிகுந்துவிட்டனர். அது வீண் செலவு மட்டுமல்ல, கெடுதலும் ஆகும். கீழிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியின்றிப் பூச்சுக்குள் தங்கி மண்ணை இளக்குகிறது. பூச்சு பார்வைக்குத் திடமாக நிற்க, உள்ளே சுவர் கரைகிறது. மண்ணுக்கு மண் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையுமே ஏற்றவை.

கூரையில் எங்கே ஒழுகுகிறது என்பதை அறிய ஏணி வேண்டியதில்லை. சென்ற மழையில் எந்தெந்த இடத்தில் குண்டானும் அண்டாவும் வைத்தீர்கள் என்று வீட்டு அம்மாளைக் கேட்டால் போதும். அவர்களைவிடச் சரியாய்ச் சொல்லுவோர் இல்லை. நாட்டு ஓட்டு வீடானால் பூனையும் அணிலும் நகர்த்திய ஓடுகளைப் பிரித்து அடுக்கி, முகட்டை முதலில் சரிசெய்ய வேண்டும். ஓடு பிரித்திருக்கும்போதே கைமரங்களைக் கத்திமுனையால் குத்திப் பார்த்து, உளுத்ததை மாற்றிவிடலாம். மங்களூர் ஓடு, 1865-ல் அந்நகரில் ஆலை ஏற்பட்டது முதல் பரவிய சரக்கு. அதில் ஒன்று உடைந்தாலும் அதே அளவுள்ள ஓடு பின்னால் அகப்படுவது அருமையாகையால் கையிருப்பாகச் சில வைத்திருத்தல் புத்தி. கீற்று வீட்டுக்காரர் பழைய கீற்றின்மேலேயே புதிதை அடுக்குவதைத் தவிர்க்க வேண்டும். மக்கிய கீற்று புதியதையும் மக்கச் செய்யும். சித்திரைக் காற்றில் அடுப்புப்பொறி ஒன்று தெருவையே எரித்துவிடுமாதலால், வேய்கிற நாட்களில் நிறை தவலைகள் அருகில் இருக்கட்டும்.

கிணறு தூர் வாரும் வேலை, நீர் வற்றிய வைகாசியில் வரும். விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாவிட்டால் இறங்கலாம் என்பது பழைய வழக்கம். அதை மட்டும் நம்பலாகாது. விளக்கை அணைக்காமலே ஆளைக் கொல்லும் காற்றும் உண்டு. விளக்கால் பற்றி எரியும் காற்றும் உண்டு. நெடுநாள் மூடிக் கிடந்த கிணறானால் தீயணைப்பு நிலையத்தாரைக் கலந்துகொள்ளாமல் இறங்கக் கூடாது. எண்ணெய் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. இறங்குபவர் இடுப்பில் கயிறும், மேலே அதைப் பிடிக்க ஆட்களும் எப்பொழுதும் வேண்டும். கீழே ஒருவர் மயங்கினால் கயிற்றால் தூக்க வேண்டுமேயன்றி, மற்றொருவர் பின்னே குதித்தல் ஆகாது. அண்ணனைத் தூக்கப் போன தம்பியும் மாளுவது இவ்வாறுதான்.

மாட்டுக்கொட்டில் தரையும் எருக்குழியும் தனிப் பேச்சுக்கு உரியவை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. நெல் விற்ற பணம் கைக்கு வந்த அன்றே, வீட்டு மராமத்துக்கென்று ஒரு சிறு தொகையைச் சங்கத்தில் சேமிப்பாகக் கட்டிவிடலாம். கீற்றும் சுண்ணாம்பும் ஆளுக்கு ஆள் தனியே வாங்குவதைவிட, பத்து வீட்டார் சேர்ந்து ஒரு வண்டியாக வாங்கினால் விலை தணியும். ஆள் பலத்துக்கும் அப்படியே. ஒரு தெருவார் முறைவைத்து ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வேலை செய்தால் கூலி மிச்சம். அந்த முறையில் விதவைகள் வீட்டையும், ஏணி ஏற இயலாத முதியோர் வீட்டையும் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். யாருக்கு எத்தனை கீற்று, எவ்வளவு சுண்ணாம்பு என்ற கணக்கை மாசி முடிவதற்குள் சங்கக் காரியதரிசியிடம் கொடுத்துவிட்டால், பங்குனி முதல் வாரத்தில் வண்டி அனுப்பலாம்.