பிறப்பு ஒட்டும் செருப்புக் காணிக்கையும்

கருத்தரங்கத் தலைமை பெருமைக்குரியது; கூடவே பதற்றத்தையும் கூட்டி வருவது. அதிலும் கீரமங்கலத்தில். நக்கீரருக்குச் சிலை வைத்திருக்கும் ஊர் இது. பிழை கண்டால் பாடியவர் யாரென்று பார்க்காத புலவரின் ஊரில் பேசும்போது தலைவருக்குக் குரல் கொஞ்சம் தடுமாறினால் அவையோர் பொறுத்தருள வேண்டும். விடியற்காலையில் பூ கமிஷன் கடைகளில் மல்லியும் சம்பங்கியும் எடை போட்டு அனுப்பிவிட்டு நேரே மண்டபத்துக்கு வந்திருக்கும் உள்ளூர் அன்பர்களுக்குத் தலைவரின் முதல் வணக்கம். கட்டுரையாளர்களுக்கு அடுத்தது.

விக்டோரியா காலத்து உழைப்பாளர் சமூகத்தில் வர்க்கம் தாண்டிய காதல் என்பது அழைப்பிதழில் உள்ள பொருள். 1837 முதல் 1901 வரை அந்த அரசி ஆண்டதும், ஆலை நகரங்கள் பெருத்ததும், எலிசபெத் கேஸ்கெல்லின் ‘வடக்கும் தெற்கும்’ 1854-55இல் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடராக வந்ததும் அவையோர் வகுப்பறையில் சொல்லிச் சொல்லி அலுத்த செய்திகள். புதுக்கோட்டைக்காரர்கள் மனத்தில் இந்நேரம் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் வந்து நின்றிருப்பார். 1915இல் மெல்போர்னில் மோலி ஃபிங்கை மணந்தார். ஆங்கில அரசு அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. மகன் சிட்னிக்கு அரியணை கிடைக்கவில்லை. 1928இல் ராஜகோபாலத் தொண்டைமான் சிறுவனாகப் பட்டமேற்றார். சுவையான கதைதான். ஆனால் மோலி வழக்கறிஞர் வீட்டுப் பெண். அது நிறமும் வாரிசுரிமையும் பற்றிய வழக்கு; உழைப்பாளர் சமூகம் அதில் எங்கும் வரவில்லை. அதை மாலை அமர்வுக்கு விட்டுவிடலாம்.

தலைவர் பேச வந்தது ஒரு பழைய வழக்கு. அவையில் பாதிப்பேர் இதை எதிர்பார்த்தே வந்திருப்பார்கள். மீதிப்பேர் அஞ்சி வந்திருப்பார்கள்.

டிஸ்ரேலி பிரதமராவதற்கு வெகுகாலம் முன்பு, 1845இல், ‘சிபில்’ என்ற நாவலை எழுதினார். பிரபு வீட்டு எக்ரிமாண்ட், தொழிலாளர் உரிமைக்குப் போராடும் வால்ட்டர் ஜெரார்டின் மகள் சிபிலைக் காதலிக்கிறான். பணக்காரரும் ஏழைகளும் ஒரே நாட்டுக்குள் இரு தேசங்களாக வாழ்கிறார்கள் என்று நாவல் முழுக்கக் குமுறிய ஆசிரியர், கடைசியில் பழைய பத்திரக்கட்டு ஒன்றை வெளியே எடுக்கிறார். சிபில் ஒரு பெரும் பண்ணைக்கு உரிமையுள்ள குலக்கொடியாம்! பிறகென்ன, கல்யாணத்துக்குத் தடையில்லை. இரண்டு தேசமும் சேரவில்லை. ஒரே தேசத்தார் இருவர்தான் சேர்ந்தார்கள்.

அறுந்த செருப்பு வாருக்குப் போடும் ஒட்டுப்போல, குலம் தாண்டிய காதல் அறுத்த இடத்தில் உயர்பிறப்பைக் கொண்டுவந்து வைத்துத் தைக்கும் இந்த வேலையைப் ‘பிறப்பு ஒட்டு’ என்று அழைக்கலாம். லண்டனில் அதைச் செய்தவர் ஒரு நாவலாசிரியர். பொதிகை மலையடிவாரத்தில் செய்தவர்கள் யார்?

முத்துப்பட்டன் கதையை இந்த அவையில் விரித்துரைக்கத் தேவையில்லை, நினைவூட்டினால் போதும். பிராமணக் குடும்பத்து இளைஞன். அண்ணன்மாரோடு ஒத்துப்போகாமல் மலையாளச் சீமையில் சேவகம் பார்த்தவன். பாபநாசத்துக் காட்டில் வாலப்பகடையின் மக்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கண்டு மனம் கொடுக்கிறான். வாலப்பகடை மாடு காப்பவர். தோல்தொழில் குடியில் பிறந்தவர். பெண் கேட்டு வந்தவனிடம் அவர் வைத்த நிபந்தனைதான் கதையின் உயிர்நிலை. பூணூலை அறுக்க வேண்டும், குடுமியைக் களைய வேண்டும், தோல் வேலை பழகிச் செருப்புத் தைக்க வேண்டும். முத்துப்பட்டன் மூன்றையும் செய்கிறான். மணம் முடிந்த சூட்டோடு மாடு கவர வந்த கள்ளரோடு பொருது மடிகிறான். சிங்கம்பட்டி ஜமீனிடம் உத்தரவு பெற்றுப் பெண்கள் இருவரும் அவனோடு தீப்பாய்கிறார்கள்.

கதையின் காலம் விக்டோரியாவுக்கு முந்தியது, அரங்கின் எல்லைக்குள் இது எப்படி வரும் என்று அமைப்பாளர்கள் முகம் சுளிக்கலாம். கதைப்பாடல்கள் மலிவுப் பதிப்புகளாகி, சந்தையிலும் தெருமுனையிலும் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விலைபோனது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நூலில் வரைந்து காட்டிய உலகம் அது. வாய்மொழியாகத் திரிந்த பாட்டு தாளுக்கு வந்த இந்தக் காலத்தை விட்டுவிட்டுப் பிறப்பு ஒட்டைப் பேச முடியாது.

ஒட்டு இதுதான்: பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார். இந்தப் பகுதி பின்னால் செருகப்பட்டது என்று சொன்னவர் மார்க்சிய ஆய்வாளர் நா. வானமாமலை. 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட முத்துப்பட்டன் கதைக்கு அவரே பதிப்பாசிரியர். அவருக்கு எழுந்த மறுப்பும் பழையதே: மார்க்சியர் கதையில் சாதி எதிர்ப்பைத் தேடினார், தேடியதைக் கண்டெடுத்தார், இடைஞ்சலானதைச் செருகல் என்று தள்ளினார். இதே மண்டபத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் இதைப் பல மேடைகளில் நயமாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய நயத்தைத் தலைவர் எப்போதும் ரசித்தே வந்திருக்கிறார். வாதத்தைத்தான் ஏற்க முடிந்ததில்லை.

ஏற்க முடியாததற்கு வானமாமலையின் கொள்கை காரணமில்லை. மூன்று கதைப்பாடல்களை அருகருகே வைத்தாலே போதும். மதுரைவீரன் காசிராசன் மகனாம். கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டுச் செருப்புத் தைக்கும் குடியில் வளர்ந்தானாம். ஆரியமாலையை விரும்பிக் கழுவேறிய காத்தவராயனுக்குச் சிவனே தகப்பன். முத்துப்பட்டனிடம் ஒட்டு இடம் மாறுகிறது: ஆண் முன்பே உயர்குலம் என்பதால் பெண்களுக்குப் பிறப்பு மாற்றப்படுகிறது. ஒரே ஊசி, ஒரே நூல். மூன்று கதைகளிலும் காதல் எந்தப் பக்கம் குலம் தாண்டுகிறதோ அந்தப் பக்கத்தில் மட்டும் தையல் விழுகிறது. தற்செயல் மூன்று தடவையும் சரியான இடம் பார்த்து விழுமா?

திரைப்படமும் இந்த ஒட்டை விடவில்லை. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரை வீரன்’ படத்தில் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் வளர்த்தெடுக்கும் பிள்ளை அரச குமாரனே. அதற்கு முன் 1941இல் ‘ஆர்யமாலா’வில் காத்தவராயனாக வந்தவர் நம் புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா. சின்னப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

செருப்புத் தைக்கும் காட்சியை அவமானம் என்றும் சோதனை என்றும் கடந்துபோகிறவர்கள் உண்டு. அவர்கள் தோலைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. பதப்படுத்திய தோலை ஊறவைத்து, அளவெடுத்து வெட்டி, ஊசியால் துளையிட்டு, வாரைக் கோத்துத் தைப்பது ஒரு நாளில் கைவராது. மாமனார் கேட்டது தாழ்ந்துபோகச் சொல்லியல்ல. தொழில் கற்றுக்கொள்ளச் சொல்லி. மருமகன் தன் மக்களின் சோற்றுக்கு உழைக்கத் தெரிந்தவனா என்பது அவருடைய கேள்வி. எந்தக் குடியானவனும் கேட்கும் கேள்விதான்.

இங்கே விக்டோரியா இங்கிலாந்திலிருந்து இன்னொரு சோடியைக் கூப்பிடலாம். நாவல் மாந்தர் இல்லை, மெய்யானவர்கள். ஆர்தர் மன்பி படித்த கனவான், அரசு அலுவலர், கவிஞர். ஹன்னா கல்விக் ஷ்ரோப்ஷயரில் பிறந்த வேலைக்காரப் பெண். பாத்திரம் துலக்கி, அடுப்புக்கரி அள்ளிப் பிழைத்தவர். 1854இல் லண்டனில் சந்தித்தார்கள். 1873இல் இரகசியமாக மணந்தார்கள். மனைவியான பிறகும் ஹன்னா சீமாட்டியாக வாழ மறுத்து, வேலைக்காரியாகவே அவர் வீட்டில் இருந்தார். மன்பி கேட்டுக்கொண்டதால் தன் அன்றாட உழைப்பை நாட்குறிப்பில் எழுதினார். 1950 வரை திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரிக்கு மன்பி கொடுத்த பெட்டிகளிலிருந்து அந்தக் குறிப்புகள் வெளிவந்தன. ஹன்னாவுக்கு எந்தப் பிரபு குலமும் கண்டுபிடிக்கப்படவில்லை. எழுதிய கை அவருடையது. ஒட்டுப்போட வேறு ஆளுக்கு அங்கே இடமில்லை. பொம்மக்காவும் திம்மக்காவும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் பேரில் மற்றவர்கள் எழுதினார்கள்.

ஆனால் வேறொரு சான்று இருக்கிறது. அதைக் கட்டுரைத் தொகுதியில் ஒருவரும் தொடாதது தலைவருக்கு வருத்தமே. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டன் பட்டவராயனாக நிற்கிறான், இரு மனைவியரோடு. ஆடி அமாவாசைக்குத் திரளும் மக்கள் அவனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு வந்து பார்த்தால் யாரோ நடந்ததுபோல் அது தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. பிராமண மாப்பிள்ளைக்கும் பிராமணப் பெண்களுக்கும் நடந்த கல்யாணத்தின் நினைவாக யாராவது கோயிலில் செருப்புக் கட்டுவார்களா? காணிக்கை நினைவில் வைத்திருப்பது தொழிலை. பிறப்பை அது கண்டுகொள்ளவே இல்லை.

பெண்கள் தெய்வமானதால் அவர்களுக்கு உயர்பிறப்புத் தேவைப்பட்டது, ஒட்டு வழிபாட்டிலிருந்தே முளைத்தது என்று முன்வரிசை நண்பர் சொல்வார். அதற்கும் மறுமொழி உண்டு. வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலில் பிறப்புக் கதைகளையும் இறப்புக் கதைகளையும் பிரித்துக் காட்டினார். தென்பாண்டி நாட்டில் மனிதர் தெய்வமாவது வெட்டுப்பட்டும் தீப்பாய்ந்தும் அகாலமாகச் செத்ததால். முத்துப்பட்டன் கதை இறப்புக் கதை. பொம்மக்காவும் திம்மக்காவும் தெய்வமாவதற்கு அந்தத் தீயே போதும். பிராமணத் தகப்பன் எதற்கு? அவனால் சாமிக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. கல்யாணத்தை நினைத்துச் சங்கடப்பட்டவர்களுக்குத்தான் அவன் தேவைப்பட்டான்.

இரண்டாம் அமர்வில் பிறப்புப் பகுதி கதையின் தொன்மையான கூறு என்று நிறுவும் கட்டுரை ஒன்று வாசிக்கப்பட இருக்கிறது. உழைத்து எழுதியது, அதில் ஐயமில்லை. கட்டுரையாளரிடம் தலைவர் கேட்பது இதுதான். கோயில் கொடைவிழாவில் அருள் ஏறும் கட்டம் எது, வில்லடித்துப் பாடும் புலவர் அந்தக் கட்டத்தில் பெண்களின் பிறப்பைப் பாடுகிறாரா, இல்லை பட்டன் குத்துப்பட்டதையும் பெண்கள் தீயில் இறங்கியதையும் பாடுகிறாரா என்பதை ஒலிப்பதிவோடு காட்டட்டும். அச்சுப் புத்தகத்தின் பக்க எண் மட்டும் போதாது. அமர்வுக்கு ஒதுக்கிய நேரம் அதற்குப் பற்றாதென்றால் தலைவர் தம் முடிவுரைக்கான நேரத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறார்.