பக்கத்துத் தெருவில் ஒரு உலகச் சாம்பியன்
(பெங்களூர் உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விளையாட்டைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசு என்றார்கள். கிரிக்கெட் என்று நினைத்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது பில்லியர்ட்ஸ்.

நான் குடியிருப்பது மர்பி டவுன். பக்கத்தில் கேம்பிரிட்ஜ் ரோடில் உள்ள ஃபிராங்க் ஆண்டனி பப்ளிக் ஸ்கூலில்தான் பங்கஜ் அத்வானி படித்தார். 1985-ல் புனேயில் பிறந்தவர். குவைத்தில் இருந்த குடும்பம், வளைகுடா யுத்த சமயத்தில் இந்தியா திரும்பி, பெங்களூரில் குடியேறியது. சின்ன வயதிலேயே தகப்பனார் காலமாகிவிட்டார். தாயாரும் இரண்டு பிள்ளைகளும்தான். அண்ணா ஸ்னூக்கர் ஆடப் போன இடத்துக்குத் தம்பியும் பத்து வயதில் கூடவே போனான். பிறகு அரவிந்த் சாவூரிடம் சிட்சை.

அந்தத் தாயாரை நினைத்தால் எனக்கு ஆச்சரியம். ஏனென்றால் அதே சமயத்தில் என் பிள்ளையும் ஒருநாள் ஸ்னூக்கர் பார்லருக்குப் போய்விட்டு வந்தான். விரலில் நீலச் சாக்குத் தூள். பிடித்துவிட்டேன். "சிகரெட் பிடிக்கிறவாளும் பெட் கட்டறவாளும் ஆடற ஆட்டம்டா அது! பத்தாம் கிளாஸ் பரீட்சை என்ன ஆறது?" என்று கத்தினேன். அதோடு சரி. (ஸ்னூக்கரின் விதிகளை 1882-ல் எழுதி மாட்டியதே நம் ஊட்டி கிளப்பில்தான் என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கத்தியிருப்பேன்.)

பங்கஜ் 2003-ல், 18 வயதில், சீனாவில் உலக ஸ்னூக்கர் சாம்பியன். பில்லியர்ட்ஸில் இரண்டு வகைப் போட்டி உண்டு. குறித்த நேரத்துக்குள் யார் அதிகப் புள்ளி எடுக்கிறார் என்பது ஒன்று, குறித்த புள்ளியை யார் முதலில் எட்டுகிறார் என்பது இன்னொன்று. 2005-ல் மால்ட்டாவில் இரண்டையும் ஒரே வருஷத்தில் ஜெயித்தார். 2008-ல் நம் பெங்களூரிலேயே மறுபடியும் இரண்டும். 2009-ல் லீட்ஸ் நகரில், அந்நாளைய ஜாம்பவான் மைக் ரஸ்ஸலை அவர் நாட்டிலேயே தோற்கடித்தார். நடுவில் பி.காம். பட்டமும் வாங்கிவிட்டார், நம்மவர்கள் அதைத்தானே முதலில் கேட்பார்கள்!

2012-ல் தொழில்முறை ஸ்னூக்கர் ஆட இங்கிலாந்து போனார். இரண்டு வருஷத்தில் அதை விட்டுவிட்டு வந்தார். பணமும் பெயரும் அங்கேதான். இருந்தும் வந்துவிட்டார். 2018-ல் பத்மபூஷண். 2024 நவம்பரில் தோஹாவில் ராபர்ட் ஹாலை ஜெயித்தபோது அது 28-வது உலகப் பட்டம். மறுநாள் பேப்பரில் அந்தச் செய்தியைத் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது. 1958-ல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் நாட்டுக்கே முதல் உலகச் சாம்பியன் ஆனாரே, அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம்?

அன்று ராத்திரி வெளிநாட்டிலிருந்து பிள்ளை போன் செய்தான். செய்தியைச் சொன்னேன். இத்தனை வருஷம் கேட்காததையும் கேட்டேன்: "ஏண்டா, அந்த ஆட்டம் ஒனக்குப் பிடிச்சிருந்ததா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அடுத்த தடவைக்குக் காசு சேத்து வெச்சிருந்தேம்ப்பா" என்றான்.