தன் குரலை மீட்ட பாடகி

ஆடுவதற்கென்று எழுதப்படும் பாட்டைப் பற்றி அறிஞர் சபைகளில் பேசுவார் அரியர். விளக்கொளியில் பிறந்து விளக்கணைந்ததும் மறைவது அது என்பது பொதுவான எண்ணம். கால் ஓய்ந்த பின்பு கருத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஒருவர். பாட்டை எழுதுகிறவரும் அவரே, பாடுகிறவரும் அவரே. ராபின் என்ற ஒற்றைப் பெயரால் உலகம் அவரை அறியும். அவருடைய வாழ்க்கை வரலாற்றில் ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது. பாடுகிறவருடைய குரல் யாருக்குச் சொந்தம் என்பதே அக்கேள்வி.

ராபின் 1979-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். பெற்றோர் நாடகக் கலைஞர்கள்; சொந்தமாக ஒரு நாடகக் குழுவை நடத்தியவர்கள். குழு ஊர் ஊராகச் சென்றபோது குழந்தையும் உடன் சென்றது. ஒப்பனை அறையும் திரைச்சீலையுமே அவருக்கு முதற் பள்ளிக்கூடம் எனலாம். பின்னர்ப் பெற்றோருடைய மணவாழ்வு முறிந்தது. ஏறத்தாழப் பதினொரு வயதில் அந்தச் சிறுமி அத்துயரத்தையே பொருளாக வைத்து ஒரு பாட்டு எழுதினாள். மேயா என்னும் ஸ்வீடன் பாடகி ஒரு நாள் அவள் படித்த பள்ளிக்கு வந்தார். அவர் முன்னிலையில் சிறுமி தன் பாட்டைப் பாடினாள். கேட்டவர் வியந்தார், இசைத்தட்டு உலகத்தின் கதவு அவளுக்குத் திறந்தது. தன் துன்பத்தைத் தன் சொல்லாலேயே பாடுவது என்ற வழக்கம் அந்த வயதிலேயே தொடங்கிவிட்டது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த போராட்டங்களுக்கெல்லாம் வேர் அதுவே.

1995-ஆம் ஆண்டில், பதினாறு வயதில், ராபினுடைய முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. அக்காலத்தில் ஸ்டாக்ஹோமில் ஷைரான் என்ற பெயருடைய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று இருந்தது. டென்னிஸ் பாப், மாக்ஸ் மார்ட்டின் ஆகிய இருவரும் அங்கே பாட்டுக்களை உருவாக்கி உலகமெங்கும் அனுப்பிவந்தார்கள். எவர் செவியிலும் உடனே பதிந்து, எளிதில் நீங்காத மெட்டை அமைப்பதில் அவர்கள் வல்லவர்கள். அவர்களோடு சேர்ந்து உழைத்த ராபினுடைய இரண்டு பாட்டுக்கள் 1997-இல் அமெரிக்க வரிசைப் பட்டியலில் ஏழாம் இடத்தை எட்டின. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இது பெருவெற்றிதான். ஆனால் ஓயாத பயணமும் நிகழ்ச்சிகளும் உடலை வருத்தின. மிதமிஞ்சிய களைப்பு என்று மருத்துவர் கூறியதன்மேல் அவர் தாய்நாடு திரும்பினார்.

1999-ஆம் ஆண்டில் 'மை ட்ரூத்' என்னும் இரண்டாம் தொகுப்பு வந்தது. 'என் உண்மை' என்பது அப்பெயரின் பொருள். பெயருக்கேற்ப, தாம் கருவுற்றதையும் அக்கருவைக் கலைக்க நேர்ந்ததையும் உள்ளத்தில் கொண்டு அவர் எழுதிய பாட்டுக்கள் அதில் இருந்தன. ஸ்வீடனில் மக்கள் அதை வரவேற்றார்கள். அமெரிக்காவில் வெளியிட வேண்டியவர்களோ அப்பகுதிகளை மாற்றித் தருமாறு கேட்டார்கள். அந்நாட்டில் கருக்கலைப்பு என்பது அரசியலையே இரண்டாகப் பிளக்கும் பொருள். வாணிகம் செய்பவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. ராபின் மாற்ற மறுத்தார். தொகுப்பு அமெரிக்காவில் வெளிவரவே இல்லை.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். இருபது வயதுகூட நிறையாத ஒருவர். உலகத்திலேயே பெரிய இசைச் சந்தை அவருக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சில வரிகளை விட்டுக்கொடுத்தால் உள்ளே போகலாம். அவர் வரிகளை வைத்துக்கொண்டார், சந்தையை விட்டுக்கொடுத்தார்.

இசைத்தட்டுத் தொழிலின் ஏற்பாட்டை இங்கே சிறிது சொல்ல வேண்டும். ஒலிப்பதிவுக்கும் விளம்பரத்துக்கும் நிறுவனம் முன்பணம் போடுகிறது. அதற்கு ஈடாகப் பதிவு செய்த ஒலியின் உரிமை, பெரும்பாலும், நிறுவனத்துக்கே சேர்கிறது. எந்தப் பாட்டு வெளிவர வேண்டும், எப்போது வர வேண்டும் என்பவற்றிலும் அதன் சொல்லே செல்லும். பாடகர் தம் தொண்டையைத் தாமே வைத்திருக்கலாம். அதிலிருந்து வெளிப்பட்ட ஓசை பிறர் பெட்டகத்தில் இருக்கும்.

2002-ஆம் ஆண்டில் மூன்றாம் தொகுப்பு வெளிவந்த பின்பு இந்த நிலை ராபினுக்குப் பொறுக்க முடியாததாயிற்று. தி நைஃப் என்னும் ஸ்வீடன் இருவர் குழுவின் மின்னிசை அவருக்குப் புதிய வழியைக் காட்டியது. அவர்களோடு சேர்ந்து ஒரு பாட்டை ஆக்கினார். நிறுவனத்தார் அதை விரும்பவில்லை. ராபின் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, பணம் கொடுத்துத் தம்மை ஒப்பந்தத்திலிருந்து மீட்டுக்கொண்டார். 2005-ஆம் ஆண்டில் கொனிச்சிவா ரெக்கார்ட்ஸ் என்ற பெயரில் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 'கொனிச்சிவா' என்பது ஜப்பானியர் ஒருவரையொருவர் கண்டால் கூறும் முகமன். புதிதாகப் பிறந்தவர் உலகுக்குச் சொல்லும் முதல் வணக்கம் போல அப்பெயர் அமைந்துவிட்டது. அவ்வாண்டே தம் பெயரையே தலைப்பாக இட்டு ஒரு தொகுப்பை வெளியிட்டார். அது ஸ்வீடனில் முதலிடம் பெற்றது. 2007-இல் கிளீரப் என்னும் இசையமைப்பாளரோடு சேர்ந்து அவர் பாடிய 'வித் எவ்ரி ஹார்ட்பீட்' பிரிட்டனில் முதலிடம் பெற்றது. பெரிய நிறுவனங்களின் துணையின்றி எவரும் தலையெடுக்க முடியாது என்று சொல்லி வந்தவர்களுக்கு இவை விடையாயின.

2010-ஆம் ஆண்டில் 'பாடி டாக்' என்னும் இசைவரிசையை ஒரே ஆண்டுக்குள் பகுதி பகுதியாக வெளியிட்டார். எல்லாம் முடியட்டும் என்று காத்திராமல், எழுதியதை எழுதியவுடன் மக்களுக்குக் கொடுக்கும் உரிமை இப்போது அவர் கையில் இருந்தது. அவ்வரிசையில் வந்த பாட்டுத்தான் 'டான்சிங் ஆன் மை ஓன்'. பாட்ரிக் பெர்கர் என்பவரோடு சேர்ந்து எழுதியது. கதை மிகச் சிறியது. ஆடரங்கு ஒன்றில் ஒருத்தி நிற்கிறாள். அவள் காதலித்தவன் வேறொருத்தியோடு இருக்கிறான். அவள் அதைக் கண்ணால் காண்கிறாள். ஓடிப்போகவில்லை; சண்டையிடவில்லை; தனியே ஆடுகிறாள். அவ்வளவே கதை.

இந்தப் பாட்டில் நான் வியப்பது ஒன்று உண்டு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 117 அடிகள் என்ற கணக்கில், தளர்ச்சியே இல்லாமல் இயந்திரத் தாளம் ஒலித்துக்கொண்டேயிருக்கிறது. மேலே செல்லும் குரலோ உடைந்த உள்ளத்தின் குரல். சோகப் பாட்டென்றால் தாளம் மெதுவாகும், நாமும் அதனோடு உட்கார்ந்து அழுவோம். இங்கே தாளம் அழுகைக்காக நிற்பதில்லை. அது நம்மைக் காலூன்றி நிற்கச் செய்கிறது. துக்கம் நெஞ்சில் இருக்கிறது, கால் ஆடுகிறது, இரண்டும் ஒரே உடலில் நிகழ்கின்றன. மகிழ்ந்தவர்க்கு மட்டும் உரியது ஆடல் என்று நாம் நினைப்பது தவறு. தாங்க முடியாததைத் தாங்குவதற்கும் மனிதன் ஆடுகிறான். வெறும் கேளிக்கைப் பாட்டு என்று நாம் ஒதுக்கிய வடிவத்துக்குள் ராபின் இந்த உண்மையை வைத்துக் காட்டினார். 2021-ஆம் ஆண்டில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை எக்காலத்துக்கும் சிறந்த 500 பாட்டுக்கள் என்று தொகுத்த பட்டியலில் இதற்கு இருபதாம் இடம் கிடைத்தது.

வெற்றிக்குப் பின் அடுத்த தொகுப்பை விரைந்து தருவதே தொழிலின் வழக்கம். ராபினுடைய அடுத்த முழுத் தொகுப்பு வருவதற்கு எட்டு ஆண்டுகள் ஆயின. 2014-ஆம் ஆண்டில் அவருடைய நெருங்கிய நண்பரும் இசைத் துணைவருமான கிறிஸ்டியன் ஃபால்க் புற்றுநோயால் காலமானார். காதலிலும் ஒரு பிரிவு நேர்ந்தது. துயரம் தானாக ஆறும்வரை அவர் காத்திருந்தார். இதற்கிடையில் ஒலிக் கருவிகளைத் தாமே இயக்கிப் பாட்டை உருவாக்கும் வேலையில் ஆழ்ந்தார். 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் 'ஹனி' என்ற தொகுப்பு வந்தது. 'தேன்' என்று பெயர். தேனைத் தேனீ அவசரத்தில் சேர்ப்பதில்லை. நிறுவனம் பிறருடையதாக இருந்திருந்தால் எட்டு ஆண்டுகள் துக்கம் காக்க அவருக்கு விடுமுறை கிடைத்திருக்குமா? உரிமை என்பது பணத்தை மட்டும் குறித்ததன்று. காலத்தையும் குறித்தது என்று இதிலிருந்து அறிகிறோம்.

தாம் பெற்ற உரிமையைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவும் அவர் எண்ணவில்லை. ஸ்டாக்ஹோமிலுள்ள அரச தொழில்நுட்பக் கழகம் 2013-ஆம் ஆண்டில் தன் பெரும் பரிசை அவருக்கு வழங்கியது. அதன் பின்னர் அக்கழகத்தோடு சேர்ந்து 2015-இல் 'டெக்லா' என்னும் விழாவைத் தொடங்கினார். பதினொன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள சிறுமியர் அங்கே வந்து கருவிகளைத் தாமே தொட்டு, இயக்கிப் பழகினார்கள். பதினொரு வயதில் தம் சொல்லைத் தாமே எழுதிய சிறுமியை அவர் மறக்கவில்லை போலும்.

ஒரு காட்சியோடு முடிக்கிறேன். 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க்கிலுள்ள மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் ராபின் பாடினார். கச்சேரி முடிந்து மக்கள் வீடு திரும்பச் சுரங்க ரயில் நிலையத்துக்கு இறங்கினார்கள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, பாடகியும் அங்கே இல்லை. நடைமேடையில் நின்ற கூட்டம், தனியே ஆடும் பெண்ணின் அந்தப் பாட்டைத் தானாகவே எடுத்துப் பாடியது. முன்பின் அறியாதவர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்து ஆடினார்கள். தனிமையைப் பற்றிய பாட்டை நூற்றுக்கணக்கானவர் ஒன்றாகப் பாடுவதென்றால் அவர்களுள் ஒருவரும் அப்போது தனியர் அல்லர்.

பாடுகிறவருடைய குரல் யாருக்குச் சொந்தம் என்று தொடக்கத்தில் கேட்டேன். முதலில் அது பாடுகிறவருக்கே சொந்தமாக வேண்டும். அவ்வாறு சொந்தமான குரலைத்தான் அவர் பிறர்க்கு முழுவதும் கொடுத்துவிட முடியும். அன்றிரவு அந்த நிலையத்தில் ஒலித்தது அப்படிக் கொடுக்கப்பட்ட குரல்.